இணுவில் புகைக்குடிலும் நான்கு வேப் போத்தல்களும்

சிகரெட்டை விட்ட பிறகு வேப் கருவியில் (திரவத்தைச் சூடாக்கி ஆவியாக இழுக்கும் மின்சிகரெட்டில்) நான் பயன்படுத்திய திரவங்களுள், உண்மையான புகையிலை இலையை ஊறவைத்து எடுத்த சாற்றினால் ஆன நான்கைப் பற்றிய மதிப்புரை இது. நான்கையும் இலண்டனில் வாங்கினேன்; மூன்று ஆண்டுகள் மாறிமாறிப் பயன்படுத்தினேன்; இப்போது யாழ்ப்பாணத்து இணுவிலில், எங்கள் பழைய வீட்டின் விறாந்தையில் இருந்து எழுதுகிறேன். இங்கே இவற்றை வாங்கவும் முடியாது, விற்கவும் கூடாது. அதன் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். அப்படியிருக்க ஏன் இங்கிருந்து எழுதவேண்டும் என்று கேட்டால், எந்தப் போத்தலில் இருப்பது புகையிலை, எந்தப் போத்தலில் இருப்பது புகையிலை என்று பெயர் எழுதிய பாகு என்பதைப் பிரித்துச் சொல்லக்கூடிய மூக்கு இலண்டனில் எனக்குக் கிடைக்கவில்லை என்பதே பதில். அது இங்கே, 78 வயதான என் சித்தப்பாவின் முகத்தில் இருந்தது.

நான் 19 வயதில் புகைக்கத் தொடங்கி 27 ஆண்டுகள் புகைத்தேன்; கடைசிப் பத்து ஆண்டுகளில் நாளொன்றுக்கு ஒரு பெட்டி முடிந்துவிடும். நிக்கோட்டின் ஒட்டுப்பட்டையிலும் சூயிங்கத்திலும் இரண்டு தடவை தோற்ற பின்னர், 2021 ஐப்பசியில் வேப் கருவியின் துணையோடு விட்டேன். இங்கிலாந்தில் அரச சுகாதார சேவையே, புகைப்பதை விட விரும்பும் வளர்ந்தவர்களுக்கு இதை ஒரு வழியாகச் சொல்கிறது. புகைக்காதவர்கள் இதைத் தொடவேண்டாம் என்றும் அதே மூச்சில் சொல்கிறது. முதல் நாள் கடைக்கார இளைஞர் எனக்குத் தந்தது மாம்பழமும் பனிக்குளிர்ச்சியும் கலந்த ஒரு திரவம். கறுத்தக்கொழும்பான் தின்று வளர்ந்தவனுக்கு அதை மாம்பழம் என்று ஏற்றுக்கொள்ள மனம் வரவில்லை என்பது ஒரு புறம் இருக்க, மூன்று கிழமைகள் சென்றதும் ஒரு விடயம் விளங்கத் தொடங்கியது. உடம்பு நிக்கோட்டினைக் கேட்கவில்லை, அது கிடைத்துக்கொண்டிருந்தது. மூக்குத்தான் இலையைத் தேடியது. புதிய பெட்டியின் வெள்ளித்தாளைக் கிழித்ததும் எழும் அந்த உலர்ந்த வாசனைக்காக, ஒரு நாள் பெற்றோல் நிலையத்தில் சிகரெட் வாங்கும் வரிசையில் நின்றுவிட்டு, வாங்காமல் திரும்பி வந்தேன்.

அதன் பிறகு ‘புகையிலைச் சுவை’ என்று எழுதிய திரவங்களைத் தேடி வாங்கினேன். இவற்றுள் பெரும்பாலானவற்றில் புகையிலை இல்லை என்பதைப் பலர் அறிவதில்லை. நிக்கோட்டின் புகையிலையிலிருந்து பிரித்துத் தூய்மையாக்கப்பட்டதாக இருக்கலாம்; ஆனால் சுவை என்பது ஆய்வுகூடத்தில் சேர்த்த வாசனைப் பொருட்களின் கூட்டு. அசெற்றைல் பைரசீன் என்ற பொருள் இவ்வகைத் திரவங்களில் அடிக்கடி வரும். வறுத்த சோளப்பொரியின் மணம் அதனுடையது. அதனோடு கரமெலும் வனிலாவும் சேர்ந்தால் நாக்குக்கு ஒரு மாதிரியாகப் புகையிலையை நினைவூட்டும் ஏதோவொன்று கிடைக்கிறது. கோயில் திருவிழாவில் கடலைக்காரியின் வண்டிக்குப் பக்கத்தில் நின்று மூச்சு எடுப்பது போன்ற அனுபவம் அது. மோசமில்லை, ஆனால் நான் தேடியது அதுவும் அல்ல.

இயற்கைச் சாறு என்பது வேறு. காய்ந்து பதப்பட்ட இலையைச் சிறிதாக அரிந்து, புரொப்பிலீன் கிளைக்கோல் என்னும் நிறமற்ற திரவத்திலோ அற்ககோலிலோ வாரக்கணக்கில் ஊறப்போட்டு, பின்னர் பல தடவை வடிகட்டி எடுப்பது இதன் அடிப்படை முறை. சிலர் அழுத்தத்தில் வைத்த காபனீரொட்சைட்டைக் கொண்டும் இழுத்தெடுக்கிறார்கள். அப்படி வந்த செறிந்த சாற்றைக் கிளிசரினோடும் குறித்த அளவு நிக்கோட்டினோடும் கலந்தால் போத்தலில் வரும் திரவம் கிடைக்கிறது. அதன் நிறம் வெறுந்தேநீரின் நிறம்; சிலவேளை நன்றாகக் காய்ச்சிய கோப்பியின் நிறம். இந்தக் கைத்தொழிலில் இத்தாலிக்காரர் தேர்ந்தவர்கள். அங்கே இவ்வகைத் திரவங்களை ‘ஓகானிக்’ என்று குறிப்பிடும் வழக்கம் உண்டு. நஞ்சு மருந்தடிக்காமல் விளைந்த இலை என்று அதற்குப் பொருள் கொள்ளக்கூடாது, இலையிலிருந்து எடுத்தது என்பதே பொருள். நான் அதைச் சேதனப் பயிர் என்று விளங்கிக்கொண்டு ஆறு மாதம் பெருமையாக ஊதினேன்.

கருவியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிகரெட்டைப் போல முதலில் வாய்க்குள் இழுத்து, பின்னர் மெதுவாக நெஞ்சுக்குள் எடுக்கும் வகையிலான சிறிய கருவியே இதற்குப் பொருத்தம். மேகம் போல ஆவி விடும் பெரிய கருவிகள் இந்தச் சாற்றை வீணாக்கும். எனது கருவி திரும்ப நிரப்பக்கூடியது. சுடும் சுருளின் தடை 1 ஓம். வலு 12 முதல் 14 வாற்று வரை. (கடைகளில் இதைக் கொயில் என்பார்கள். எங்கள் எழுத்தில் அதைக் கோயில் என்று வாசித்துவிட்டு, வாரத்துக்கு இரண்டு கோயில் மாற்றுகிறாயா என்று அக்கா ஒரு தடவை தொலைபேசியில் கேட்டார். ஆகவே சுருள் என்றே எழுதுகிறேன்.) பிரித்தானிய விதிகளின்படி, நிக்கோட்டின் உள்ள திரவம் 10 மில்லிலீற்றருக்கு மேற்படாத போத்தலிலேயே விற்கப்படவேண்டும், ஒரு மில்லிலீற்றரில் 20 மில்லிகிராமுக்கு மேல் நிக்கோட்டின் இருக்கக்கூடாது, கருவியில் திரவம் நிரப்பும் தாங்கியில் 2 மில்லிலீற்றருக்கு மேல் பிடிக்கக்கூடாது. நான் 12 மில்லிகிராமில் தொடங்கி, 6க்கு இறங்கி, கடைசி ஆண்டில் 3க்கு வந்தேன்.

முதலாவது, வேர்ஜினியா. இந்த இலையைச் சூடான குழாய்கள் ஓடும் கொட்டிலில், புகை படாமல், வெப்பத்தால் மட்டும் உலர்த்துகிறார்கள். அதனால் இலையின் இனிப்பு இலையிலேயே தங்கிவிடுகிறது. திரவத்தை இழுக்கும்போது முதலில் வருவது வெயிலில் கிடந்த வைக்கோலின் மணம்; ஆவி வெளியே போகும்போது நாக்கின் நுனியில் பனங்கட்டியைத் தொட்டது போன்ற ஒரு மெல்லிய இனிப்பு நிற்கிறது. சிகரெட்டில் பெரும்பங்கு வேர்ஜினியாவே என்பதால், விட்ட புதிதில் இருப்பவருக்கு இதுவே மிகவும் பழக்கமான சுவையாகத் தெரியும். ஆனால் அதே இனிப்புத்தான் இதன் குறையும். சர்க்கரை சுருளில் கரிந்து கட்டிப்பட்டுவிடுகிறது. பழச்சுவைத் திரவத்தில் இரண்டு கிழமை நின்ற சுருள், இதில் நாலாம் நாளே கசக்கத் தொடங்கியது; ஐந்தாம் நாள் கழற்றிப் பார்த்தபோது பஞ்சு தோசைக்கல்லின் அடியைப் போலக் கறுத்திருந்தது.

இரண்டாவது, பேர்லி. இது காற்றோட்டமான கொட்டிலில் நிழலில் தொங்கவிட்டு, வாரக்கணக்கில் காயும் இலை. சர்க்கரை மிகக் குறைவு. வறுத்த நிலக்கடலையின் சிவப்புத் தோலை உள்ளங்கையில் தேய்த்து ஊதும்போது வரும் மணமும், இனிப்பில்லாத கொக்கோவின் மணமும் இதில் உண்டு. முதல் இழுவையில் இது எதுவுமில்லாதது போல இருந்தது. இரண்டாம் நாள் நல்லதாக இருந்தது. இரண்டாம் கிழமையில் மற்றவற்றை எடுத்து அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். நாள் முழுவதும் பயன்படுத்தினாலும் திகட்டாத ஒரே போத்தல் இதுதான். சோற்றைப் போன்றது. சுருளும் எட்டு, ஒன்பது நாள் தாக்குப்பிடித்தது. தொண்டையில் படும் காரமும் மற்றவற்றைவிட இதில் உறுதியாக இருந்ததால், நிக்கோட்டினை 12இலிருந்து 6க்குக் குறைத்தபோது இறக்கம் பெரிதாகத் தெரியவில்லை. படிப்படியாகக் குறைக்க நினைப்பவருக்கு இது சிறிய விடயமல்ல.

மூன்றாவது போத்தல் லடாக்கியா. இதைப் பற்றிச் சற்று விரிவாக எழுதவேண்டியிருக்கிறது, ஏனென்றால் நான் இந்த மதிப்புரையை எழுத முனைந்ததே இதனால்தான். லடாக்கியா என்பது சிரியாவின் துறைமுகப் பட்டினம் ஒன்றின் பெயர். இன்று இவ்விலை பெரும்பாலும் சைப்பிரசிலிருந்து வருகிறது. வெயிலில் காய்ந்த சிறிய கீழைத்தேய இலைகளைக் கூரையில் தொங்கவிட்டு, கீழே பைன், ஓக் போன்ற மரங்களின் விறகைப் புகையவிட்டு, அந்தப் புகையிலேயே பதப்படுத்துகிறார்கள். முதல் தடவை மூடியைத் திறந்ததும் எனக்கு இலண்டன் மறந்துபோய்விட்டது. புகையிலைக்குப் புகை காட்டும் பெரியப்பாவின் புகைக்குடிலுக்குள் தலையைக் குனிந்து நுழைந்த ஒன்பது வயதுப் பையனின் கண் எரிச்சல் அந்தச் சிறு போத்தலுக்குள் இருந்தது. காரணம் பின்னர்தான் யோசித்துப் பிடிபட்டது: உலகத்தில் பெரும்பாலான புகையிலை புகை படாமல் உலர்த்தப்படுகிறது, யாழ்ப்பாணத்தில் வாய்க்குப் போடும் புகையிலையோ தேங்காய்ப் பொச்சுமட்டைப் புகையில் பதமாவது. ஒரு காலத்தில் திருவிதாங்கூர்ச் சந்தை எங்கள் இலையைத் தேடி வாங்கியதும் அந்தப் புகையேறிய கறுப்புக்காகத்தான். ஆகவே சைப்பிரசின் இலைக்கும் வலிகாமத்துச் செம்மண்ணின் இலைக்கும் இனத்தால் உறவில்லை; பதப்படுத்திய முறையால் உறவு உண்டு.

இதை நான் நினைவை மட்டும் நம்பி எழுதியிருந்தால், பிரிந்து வாழ்ந்தவனின் ஏக்கம் என்று தள்ளிவிடலாம். அதனால்தான் கடந்த தை மாதம் ஊருக்கு வரும்போது, கருவியை இலண்டன் கடையின் திரும்பப்பெறும் பெட்டியில் போட்டுவிட்டு, நான்கு காலிப் போத்தல்களை மட்டும் மூடியைத் திறந்து உலரவைத்து எடுத்துவந்தேன். பிளாஸ்ரிக் அந்த மணத்தை இலேசில் விடாது. பங்குனியில் இலை முறித்துக் குடில் ஏற்றியிருந்த நேரம் சித்தப்பாவிடம் போனேன். மண்சுவர், ஓலைக்கூரை, இடுப்பளவு உயரமான வாசல். உள்ளே வரிசை வரிசையாகத் தொங்கும் இலை. நிலத்தில் புகைந்துகொண்டிருந்த பொச்சுமட்டை. அவர் ஒரு குந்தில் இருந்து, சுவாலை எழும்பிய இடத்தில் ஈரப் பொச்சை வைத்து அணைத்துக்கொண்டிருந்தார். நெருப்பு வேண்டாம், புகைதான் வேண்டும். அந்த வேலையின் சூட்சுமம் அவ்வளவுதான். வெளியே வேப்பமரத்தடிக்குக் கூட்டிவந்து, அவர் முகத்தைக் கழுவிவிட்டு வந்த பிறகு, பெயர் எதுவும் சொல்லாமல் ஒவ்வொரு போத்தலாகக் கொடுத்தேன்.

வேர்ஜினியாவை மணந்துவிட்டு, “இது புகையிலைதான், ஆனா புகை காட்டேல்லை” என்றார். பேர்லியை இரண்டு தடவை மணந்து, “கோப்பியே தம்பி?” என்று கேட்டார். நான்காவது போத்தலுக்கு முகத்தைச் சுளித்து, “இது பழுதாப்போன சாமான், எறி” என்றார். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். லடாக்கியாவை மட்டும் நெடுநேரம் மூக்கோடு பிடித்திருந்தார். “இது புகை காட்டினது. ஆனா எங்கட பொச்சுமட்டை இல்லை. விறகு போட்டிருக்கிறாங்கள், பிசின் வடியிற விறகு.” பைன் மரத்தை அவர் வாழ்நாளில் கண்டிருக்க வழியில்லை. போத்தலின் முதுகில் எழுதியிருந்ததைவிடக் கூடுதலான தகவலை அந்த ஒரு வாக்கியத்தில் அவர் தந்துவிட்டார்.

நினைவைக் கிளறுவது வேறு, நாளாந்தம் பாவிப்பது வேறு. லடாக்கியா மட்டும் நிரப்பிய தாங்கி ஒன்றை நான் ஒரு நாளிலும் முடித்ததில்லை. ஐந்து இழுவைக்குப் பிறகு நாக்கில் தோலின் சுவை, கருகிய விறகின் சுவை. பத்தாவது இழுவையில் சமையலறையில் புகைபோக்கி அடைத்துவிட்டது போன்ற ஒரு கனம். அதைவிட முக்கியமாக, அறையில் ஒரு மணி நேரமாவது அந்த மணம் நின்றதால், “நீங்கள் திரும்பவும் சிகரெட் தொடங்கிவிட்டீர்களோ” என்று மனைவி கேட்டார். பேர்லியோடு நாலுக்கு ஒன்று என்ற அளவில் கலந்தபோதுதான் அது அடங்கி, பின்னணியில் நின்று, நல்லதொரு கலவையாக மாறியது. பைப் புகைப்பவர்களும் லடாக்கியாவைத் தனியே நிரப்புவதில்லை, தாளிதத்துக்குப் போடுவது போலத்தான் சேர்க்கிறார்கள் என்பதைப் பின்னர் அறிந்துகொண்டேன்.

நான்காவது பெரிக். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், சென்ற் ஜேம்ஸ் என்ற சிறு பிரதேசத்தில் விளைந்து, விஸ்கிப் பீப்பாய்களில் அழுத்தத்தில் ஏறத்தாழ ஒரு வருடம் புளிக்கவைக்கப்படும் இலை. மிளகின் உறைப்பு, பழப்புளியின் புளிப்பு, அடியில் பனாட்டை நினைவூட்டும் ஒரு முதிர்ந்த பழ மணம். சித்தப்பா அதைப் பழுது என்றதில் அநியாயம் இல்லை, அது புளித்ததுதான். எனக்குப் பிடித்திருந்தது, ஆனால் மாதத்துக்கு ஒரு தடவைக்கு மேல் பிடிக்கவில்லை.

குறைகளுக்கு வருகிறேன். இவ்வகைத் திரவங்களின் உண்மையான விலை போத்தலில் எழுதியிருப்பதல்ல. 10 மில்லிலீற்றர் £5 முதல் £6 வரை என்றால், அதைப் பாவித்து முடிப்பதற்குள் £3 வீதம் இரண்டு சுருள்களாவது போய்விடும், வேர்ஜினியாவுக்கு மூன்று. அப்படிப் பார்த்தாலும், அங்கே £15க்கு மேல் விற்கும் ஒரு சிகரெட் பெட்டியோடு ஒப்பிடுகையில் மிச்சம்தான். ஆனால் மலிவு என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். 2026 ஒக்டோபர் 1 முதல் ஒவ்வொரு 10 மில்லிலீற்றருக்கும் £2.20 தீர்வை விதிக்கப்படும் என்று பிரித்தானிய அரசு அறிவித்திருப்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளவேண்டும். இரண்டாவது குறை, ஒரே பெயரில் வாங்கிய இரண்டு போத்தல்கள் ஒரே மாதிரி இருப்பதில்லை. இலை என்பது விளைச்சல். ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு விதம். இதைக் குறையென்று சொல்வதா, சாறு உண்மையானது என்பதற்கு அடையாளமென்று சொல்வதா என்பது வாங்குபவரின் மனநிலையைப் பொறுத்தது. மூன்றாவது எனது சொந்த மனக்குறை: இணையவழியில் வாங்கிய ஒரு கடை, மூடி இறுகாத போத்தலை அனுப்பியது, உறை முழுவதும் நனைந்து, கையில் பட்டு, கடிதப்பெட்டியும் இரண்டு நாள் மணந்தது. எழுதிக் கேட்டபோது, படம் அனுப்பு என்றார்கள். படம் அனுப்பியபோது, போத்தலைத் திருப்பி அனுப்பு என்றார்கள். காலிப் போத்தலைத் திருப்பி அனுப்பத் தபாற்செலவு போத்தலின் விலை. நிக்கோட்டின் தோலினூடாகவும் உடம்பில் ஏறும் என்பதாலும், சிறுபிள்ளை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து என்பதாலும், இது பகிடிக்குரிய விடயமல்ல.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், இது லேபிளில் பெரிதாக எழுதப்படுவதில்லை. இலைச் சாற்றில் இலையின் நிக்கோட்டினும் சிறிதளவு வந்துசேரும். ஆகவே நிக்கோட்டின் பூச்சியம் என்று விற்கப்படும் இயற்கைச் சாறு, உண்மையில் பூச்சியமாக இல்லாமல் இருக்கலாம். முழுவதும் விடும் கடைசிப் படியில் நிற்பவர் இதை அறிந்திருக்கவேண்டும். எனது கடைசி மாதத்தில் நான் சாற்றை விட்டு, ஏற்கெனவே நான் பழித்த அந்தச் சோளப்பொரித் திரவத்துக்கே நிக்கோட்டின் இல்லாமல் திரும்பிப் போனேன். அது அவ்வளவு சுவையில்லாமல் இருந்தபடியால்தான் கருவியைப் பெட்டியில் போடும்போது கை நடுங்கவில்லை.

உடல்நலம் பற்றி நான் மருத்துவனல்லன், படித்ததைச் சொல்கிறேன். சிகரெட்டின் கேடு பெரும்பாலும் எரிவதால் வருவது. வேப் கருவியில் எரிதல் இல்லை, ஆகவே தாரும் காபனோரொட்சைட்டும் இல்லை. 2015இல் கிரேக்க மருத்துவரான கொன்ஸ்ரன்ரினோஸ் பர்சலினோஸும் குழுவினரும், புகையிலைச் சுவைத் திரவங்கள் 21ஐச் சோதித்தார்கள். அவற்றுள் 11 இயற்கைச் சாறுகள். புகையிலையிலிருந்து வரும் நச்சுப் பொருட்கள் எல்லாத் திரவங்களிலும், புகையிலைப் பொருட்களில் இருப்பதைவிட நூறு முதல் ஆயிரம் மடங்கு குறைவாகவே இருந்தன. ஆனால் இயற்கைச் சாறுகளில் பீனோல்களும் நைத்திரேற்றும் சாதாரண திரவங்களைவிடக் கூடுதலாக இருந்தன. இயற்கை என்ற சொல்லைக் கண்டு இதுவே பாதுகாப்பானது என்று நினைப்பவர்களுக்கு இந்த முடிவு நல்ல மறுமொழி. புகை காட்டிய இலையின் சாற்றில் புகையின் பொருட்களும் இறங்கும் என்பதை விளங்கிக்கொள்ள ஆய்வுகூடம்கூடத் தேவையில்லை. சித்தப்பாவின் குடிலின் கூரை மரத்தை ஒரு விரலால் தடவிப் பார்த்தால் போதும். சிகரெட்டிலிருந்து இதற்கு வந்தவருக்கு இது பெரிய இறக்கம். ஒன்றுமில்லாமல் இருந்தவருக்கு இது ஏற்றம்.

இனிச் சட்டம். இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் 2016இல் வெளியான ஒழுங்குவிதிகள், புகையிலை அடங்கிய மின்சிகரெட்டுகளின் உற்பத்தியையும் இறக்குமதியையும் விற்பனையையும் தடைசெய்கின்றன. பழச்சுவைத் திரவத்தைப் பற்றிச் சட்டத்தரணிகள் வாதாடலாம். இலையையே ஊறவைத்து எடுத்த சாற்றைப் பற்றி வாதாட ஒன்றுமில்லை. ஆகவே ஊருக்கு வருபவர்களிடம் ‘இரண்டு போத்தல் கொண்டுவா’ என்று சொல்லி அனுப்புவது சரியல்ல. சென்னை வழியாகப் பலாலி விமான நிலையத்துக்கு வருபவர்கள், இந்தியா 2019இல் இவற்றை முற்றாகத் தடைசெய்துவிட்டது என்பதையும், சிங்கப்பூர் வழியாக வருபவர்கள், அங்கே வைத்திருப்பதே குற்றம் என்பதையும் மனதில் வைத்திருக்கவேண்டும்.

இவற்றையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த மச்சான், சுன்னாகத்தில் கடை வைத்திருப்பவன், நாளுக்குப் பதினைந்து சிகரெட் பிடிப்பவன், ஒரு கேள்வி கேட்டான். “மச்சான், இவ்வளவு புகையிலை எங்கட காணிக்குள்ள கிடக்கேக்க நீ ஏன் இத்தாலிக்காரனுக்குக் காசு குடுத்தனி? நாங்களே ஊறப்போட்டா என்ன?” நியாயமான கேள்விதான், ஆனால் செய்யக்கூடாத வேலை. யாழ்ப்பாணத்து இலை காரமானது. ஊறிய சாற்றில் எவ்வளவு நிக்கோட்டின் இறங்கியிருக்கிறது என்பதை வீட்டில் அளக்க முடியாது. விடியற்பனியில் ஈர இலை முறித்தவருக்குத் தலைசுற்றிச் சத்தி வருவதை இந்த ஊரில் அறியாதவர் இல்லை. அது தோலினால் ஏறிய நிக்கோட்டின், அதைச் செறிவாக்கி நெஞ்சுக்குள் இழுப்பதை யோசித்துப் பார்க்கவேண்டும். அடித்த மருந்தும், இலையின் மெழுகும் பிசினும், பொச்சுமட்டைப் புகையின் கரியும் வீட்டு வடிதுணியில் நிற்கப்போவதில்லை. சித்தப்பா அதற்கு மேலும் ஒன்று சொன்னார்: “இது வாய்க்குப் போடுறதுக்குப் பதப்படுத்தினது. நெஞ்சுக்கு இல்லை.” வாய்க்கும் நல்லதில்லை என்பதை அவருக்கு முன்னால் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவருடைய வெற்றிலைத் தட்டம் பக்கத்தில் இருந்தது. மச்சானிடம் வைத்தியரைப் பார் என்று சொன்னேன், பார்க்கிறேன் என்றான்.

இங்கிலாந்திலோ ஐரோப்பாவிலோ இருந்து, சிகரெட்டை விட்டு, பழச்சுவைகளில் மனம் நிற்காமல் திரும்பவும் பெட்டியின் பக்கம் போய்விடுவேனோ என்று பயப்படுபவருக்கு எனது பரிந்துரை இதுதான். முதலில் பேர்லி, ஒரே ஒரு 10 மில்லிலீற்றர் போத்தல். அதோடு சுருள் இரண்டு. நாளுக்கு ஒரு பெட்டி பிடித்தவர் 12 மில்லிகிராமில் தொடங்கலாம். போத்தலைத் திறந்ததும் முடிவு செய்யாமல் நாலு நாள் கொடுத்துப் பார்க்கவேண்டும், ஏனென்றால் விட்ட புதிதில் நாக்கு இன்னமும் மரத்துப்போய்த்தான் இருக்கும். வேர்ஜினியா வாங்கினால் மூன்றாவது சுருளையும் சேர்த்து வாங்கவும். லடாக்கியா தனியே வேண்டாம்; வாங்கியே தீருவேன் என்பவர் வீட்டில் உள்ளவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு வாங்கட்டும்.